பன்னிரண்டு வயசு வண்டியும் மூன்று வயசு வண்டியும்

2024 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஏற்காடு மலையில், நாகலூர் மேட்டில் எங்கள் தோட்டத்து வாசலில் பறித்த காபிப் பழம் பதினெட்டு மூட்டை கிடந்தது. வாடகை வண்டி வரவில்லை, டிரைவர் போனை எடுக்கவில்லை. வேறு யாரைக் கூப்பிட்டாலும் "நாளைக்கு வரட்டுங்களா?" என்றுதான் கேட்டார்கள். காபிப் பழத்துக்கு நாளைக்கு என்பது கிடையாது. பறித்த அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோல் உரிக்க வேண்டும். மூட்டைக்குள் ஒரு ராத்திரி கிடந்தால் சூடேறிப் புளிக்க ஆரம்பித்துவிடும். எங்களிடம் பல்ப்பர் இல்லை, எட்டு கிலோமீட்டர் தள்ளி சித்தப்பா தோட்டத்தில் இருக்கிறது. ஞாயிறு மத்தியானம் மூட்டையைப் பிரித்தபோது சாராய ஊறல் வாசனை அடித்தது. அத்தனையையும் அப்படியே வெயிலில் காயவைத்து, கிடைத்த விலைக்குத் தள்ளினேன்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் மனைவி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "இதுவரைக்கும் கொடுத்த வாடகையில பாதி வண்டி வாங்கியிருக்கலாம்."

எந்த வண்டியில் பாதி என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

என் தேவை பெரிசில்லை. ஐந்து ஏக்கர், அரபிகா காபி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. தோட்டத்துக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடை, வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை சேலம் இறக்கம். மிளகு லீ பஜாருக்குப் போகும், திரும்பும்போது உரமோ தவிடோ சிமெண்டோ ஏறும். எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 11,000 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டேன். ஒரு டன்னுக்கு மேல் தாங்கும் பிக்கப் வேண்டும். குட்டி யானை சைஸ் வண்டி போதாது, பெரிய லாரி எங்கள் மண் பாதையில் திரும்பாது. புது பிக்கப் எடுத்தால் அப்போது ரோட்டுக்கு வரும்போது பத்து லட்சத்தைத் தொடும். அது என்னால் ஆகாது. ஆகவே செகண்ட் ஹேண்ட்.

சேலத்தில் இருக்கும் மச்சான் புதுசு கட்சி. "2020-க்கு அப்புறம் வந்ததா பாருங்க மாமா. பி.எஸ். 6, புதுப் புகை விதிப்படி செஞ்சது. பத்து வருஷம் கவலை இல்லாம ஓட்டலாம்" என்றார். சித்தப்பா பழசு கட்சி. "சென்சார் வண்டி மலையில நின்னா கம்ப்யூட்டர் கொண்டுகிட்டு எவன் வருவான்? டீசல் பம்பு வச்ச பழைய வண்டி வாங்கு. ஸ்பேனர் இருந்தா போதும்" என்றார். இரண்டு பேருமே ஒரு விதத்தில் சரியாகவும் ஒரு விதத்தில் தப்பாகவும் இருந்தார்கள். அது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

ஏழெட்டு வண்டி பார்த்துக் கழித்தபிறகு கையில் நின்றவை இரண்டு. இரண்டும் ஒரே கம்பெனி. பெயர் வேண்டாம், நான் சொல்லப்போவது கம்பெனியின் குறை இல்லை. ஒன்று 2012 மாடல், தலைவாசல் பக்கம் ஒரு காய்கறி விவசாயியிடம் இருந்தது. கேட்ட விலை ரூ. 3,60,000. இன்னொன்று 2021 மாடல், கொஞ்சம் அதிக லோடு தாங்கும் வகை. பைபாஸ் ஓரம் ஒரு யார்டில் தவணை கட்டாமல் சீஸ் ஆகி நின்ற வண்டி. விலை ரூ. 7,25,000.

புதியதை முதலில் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், பார்த்தவுடனே மனசு விழுந்துவிட்டது. வெள்ளை வண்டி, பாலீஷ் போட்டிருந்தார்கள். சீட் உறை புதிது. பவர் ஸ்டியரிங் ஒரு விரலில் திரும்புகிறது. மீட்டரில் 61,000 கிலோமீட்டர். தரகர் சாவியைக் கொடுத்து "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க சார்" என்றார். கொண்டலாம்பட்டி ரவுண்டானா வரை போய் வந்தேன். வழுக்கிக்கொண்டு போகிறது. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்திருப்பேன். பையில் ஐயாயிரம்தான் இருந்தது, அதனால் தப்பித்தேன்.

மறுநாள் கன்னங்குறிச்சியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போனேன். ஆயிரம் ரூபாயும் காலை டிபனும் பேச்சு. அந்த வருஷம் நான் செய்த செலவிலேயே லாபமானது அதுதான். அவர் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஏறி உட்கார்ந்து, சாவியை முதல் திருப்பு மட்டும் திருப்பிவிட்டு டாஷ்போர்டைக் காட்டினார்.

"அண்ணா, சாவி போட்டதும் எல்லா விளக்கும் ஒரு தடவை எரியணும். ஸ்டார்ட் பண்ணினதும் அணையணும். இதுல என்ஜின் விளக்கு எரியவே இல்லை பாருங்க."

நானும் ஒரு ரவுண்டு ஓட்டியிருக்கிறேன். என்ஜின் விளக்கு எரியவில்லை, அதனால் கோளாறு இல்லை என்று நினைத்தேன். கோளாறு வந்தாலும் எரியாதபடி யாரோ செய்து வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. பழக்கமான ஒரு பையனை ஸ்கேனரோடு வரச் சொன்னார், அவனுக்கு 800 ரூபாய். தரகர் முகம் மாறியது. "நம்பிக்கை இல்லைன்னா எப்படி சார்?" என்றார். மெக்கானிக் காது கேட்காத மாதிரி போனட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஒரு சல்லடை இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரியைச் சூட்டில் அவ்வப்போது எரித்துத் தன்னையே சுத்தம் செய்துகொள்ளும். அதற்குப் புகைக்குழாய் நன்றாகச் சூடாக வேண்டும். ஹைவேயில் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓடினால் வேலை தானாக நடந்துவிடும். குட்டிக் குட்டி நடையாக ஓடும் வண்டியில் எரிக்கச் சந்தர்ப்பமே கிடைக்காது, அடைத்துக்கொள்ளும். அடைத்தால் முதலில் விளக்கு எரியும், அப்புறம் இழுவை குறையும். இந்த வண்டியில் அப்படி அடைத்திருக்கிறது. பழைய ஓனரோ அவருக்குப் பின்னால் வந்த யாரோ சல்லடையின் உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டருக்கும் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அதை முறையாகத் திரும்பப் போட லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார் மெக்கானிக்.

எனக்குச் சித்தப்பா சொன்னது ஞாபகம் வந்தது. "அப்போ மலைக்கு இந்த வண்டியே ஆகாதா?" என்று கேட்டேன்.

"ஏத்தம் ஏறுறது பிரச்சனையே இல்லீங்ணா. லோடோட ஏறினா சைலன்சர் நல்லா சூடாகும், அது இதுக்கு நல்லதுதான். தோட்டத்துக்குள்ள ரெண்டு கிலோமீட்டர் போறது, நிறுத்துறது, ஸ்டார்ட்லயே விட்டுட்டு மூட்டை ஏத்துறது. அதுதான் அடைக்கும். வாரம் ஒரு தடவை ஓமலூர் வரைக்கும் மிதிச்சு ஓட்டிட்டு வந்தீங்கன்னா ஒண்ணும் ஆகாது."

அதாவது வண்டியைப் பொறுத்தது பாதி, ஓட்டுகிற விதத்தைப் பொறுத்தது பாதி. என் ஓட்டத்தில் பெரும்பாலும் அந்த இரண்டு கிலோமீட்டர் நடைதான்.

காகிதமும் சரியில்லை. அரசாங்கத்தின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தால் ஆர்.சி. தருமபுரிப் பக்கத்து யாரோ ஒருவர் பெயரில் இருந்தது. கடன் கொடுத்த கம்பெனியின் பெயர் இன்னும் நீங்கவில்லை. ஈ-சலான் பக்கத்தில் நான்கு அபராதம் பாக்கி, அதில் இரண்டு ஓவர்லோடு. ஓவர்லோடு அபராதம் ஒரு விதத்தில் வண்டியின் ஜாதகம், என்ன சுமந்திருக்கிறது என்று சொல்லிவிடும். "கம்பெனி என்.ஓ.சி., கடன் பாக்கி இல்லைங்கிற லெட்டர், பத்து நாள்ல வந்துடும் சார், கையெழுத்துப் போட்ட ஃபார்ம் ரெடியா இருக்கு" என்று ஒரு கவரைக் காட்டினார் தரகர். பெயர் மாற்றுவதற்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து மட்டும் இருந்தது, வாங்குபவர் இடம் காலி. இப்படிக் கைமாறிக் கைமாறி வந்த வண்டியில் நாளைக்கு ஒரு தகராறு என்றால், கையெழுத்துப் போட்ட ஆளை நான் எங்கே போய்த் தேடுவது? கடன் கம்பெனியின் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்கும் ஃபார்ம் 35-உம் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது என்பதில் மச்சானும் மெக்கானிக்கும் ஒரே கட்சி. அதிசயம்தான்.

இன்னொரு சின்ன விஷயம். மொத்த எடை 3000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் பெர்மிட் தேவையில்லை. அந்த 2021 மாடல் அதைத் தாண்டுகிறது, பெர்மிட் எடுக்க வேண்டும். பெரிய செலவில்லை. ஆனால் இன்னும் ஒரு காகிதம், இன்னும் ஒரு நடை. ஆர்.சி.யில் மொத்த எடை என்று ஒரு வரி இருக்கும், வாங்கும் முன் அதைப் படித்துவிடுங்கள். நிறையப் பேர் படிப்பதில்லை.

அடுத்த வாரம் தலைவாசலில் அந்த 2012 வண்டி. காலை ஆறு மணிக்கே போய்விட்டோம். மெக்கானிக் அதில் பிடிவாதமாக இருந்தார். ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்த வண்டியைப் பார்ப்பது, பொண்ணு பார்க்கப் போன இடத்தில் போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு வருவது மாதிரி என்பார். போனதும் போனட் மேல் கை வைத்துப் பார்த்தார், ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்தால் இரண்டு சுற்றில் பிடித்தது. முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை, ஒரு நிமிஷத்தில் நின்றுவிட்டது. நிற்காமல் நீலமாக வந்துகொண்டிருந்தால் எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். என்ஜின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வாயில் கவிழ்த்து வைத்தார். மூடி லேசாக ஆடியது, துள்ளவில்லை. துள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்து காற்று கீழே இறங்குகிறது என்பார்கள்.

அப்புறம் ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்தார். நானும் படுத்தேன். சேஸில் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்தில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா, புதுசாக அடித்த கறுப்புப் பெயிண்ட் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். சேஸ் சுத்தம். ஆனால் பின்பக்கம் இரண்டு பக்கமும் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டிருந்தது. "எதுக்குங்க?" என்று கேட்டேன். வண்டிக்காரப் பெரியவர் மறைக்கவில்லை. "முட்டைக்கோஸ் சீசன்ல கொஞ்சம் கூட ஏத்துவோம் தம்பி. எல்லாரும் ஏத்துறதுதான்."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. வண்டி என்ன ஏற்றியது என்பதை வண்டியே சொல்லும். காய்கறி வண்டியில் தரையெல்லாம் கீறல் இருக்கும், தகடு பள்ளம் விழாது. ஜல்லி, ஹாலோ பிளாக் ஏற்றிய வண்டியில் தரை அலை அலையாக இருக்கும். உரம் ஏற்றினதில் மூலைகளில் துரு தின்றிருக்கும். கோழி வண்டியை மூக்கே கண்டுபிடித்துவிடும், எத்தனை தடவை கழுவினாலும் போகாது. நான் பார்த்துக் கழித்தவற்றில் ஒன்று 2017 மாடல், செங்கல் சூளை வண்டி. இந்த 2012-ஐ விட அதற்குத்தான் வயசு அதிகம் என்று சொல்வேன்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒரு சிறிய நீள்வட்டத்துக்குள் இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் வருஷம் 32-ஆவது வாரம் செய்தது. பின் டயர் இரண்டும் பட்டன் நன்றாக இருந்தாலும் தேதி பழசு, பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு. விலை பேசும்போது இது உதவியது.

பெரியவர் டாஷ்போர்டைத் திறந்து ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக் கொடுத்தார். 2014-லிருந்து எண்ணெய் மாற்றிய தேதி, கிலோமீட்டர், வாங்கிய சாமான், விலை. இடையில் முட்டைக்கோஸ் கணக்கும் யாருக்கோ கொடுத்த கைமாற்றும்கூட இருந்தன. மீட்டரில் 1,84,000. நோட்டும் அதே கதையைச் சொன்னது. அந்தப் பைபாஸ் வண்டியில் மீட்டர் 61,000 காட்டியது, கிளட்ச் பெடல் ரப்பரோ வழவழ என்று தேய்ந்திருந்தது.

ஆனால் இதெல்லாம் சமவெளிக் கணக்கு. எனக்கு வண்டி ஓட வேண்டியது ஏற்காட்டில். அடிவாரத்திலிருந்து மேலே இருபது கொண்டை ஊசி வளைவு, ஊர் இருப்பது ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில். காலி வண்டியை ரவுண்டானா சுற்றிப் பார்த்து வாங்குவது, எங்கள் ஊர்க்காரன் செய்யும் பெரிய தப்பு. "லோடு ஏத்தி மேல வரைக்கும் ஓட்டிப் பார்க்கணுங்க, டீசல் நான் போட்டுக்கறேன்" என்றேன். பெரியவர் யோசித்துவிட்டு, "நானும் வர்றேன், ஏற்காட்டைப் பார்த்து ரொம்ப நாளாச்சு" என்று ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார். யார்டு தரகரிடம் இதே கேள்வியைக் கேட்டபோது, "அதெல்லாம் பழக்கம் இல்லை சார்" என்றிருந்தார்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஓர் எடை மேடையில் வண்டியைக் காலியாக நிறுத்தினோம். இது மெக்கானிக் யோசனை. ஆர்.சி.யில் எழுதிய காலி எடையைவிட 140 கிலோ கூடுதல். பாடியில் தடித்த தகடு, பக்கவாட்டில் உயர்த்திய கம்பி, கூடுதல் பட்டை எல்லாம் சேர்ந்தது அது. அந்த 140 கிலோவை நான் ஒவ்வொரு தடவையும் சும்மா மலை ஏற்றி இறக்க வேண்டும், அதற்கு டீசல் வேண்டும், அந்த அளவுக்கு என் லோடும் குறையும். நூறு ரூபாய் கொடுத்தால் தெரிந்துவிடும் விஷயம் இது, நான் விசாரித்தவரையில் யாரும் செய்வதில்லை.

சிமெண்ட் கடையில் இருபது மூட்டை ஏற்றிக்கொண்டோம். எப்படியும் தோட்டத்துத் தொட்டிக்கு வேண்டும். ஒரு டன். கோரிமேடு தாண்டி அடிவாரம் செக்போஸ்ட்டில் மணி பத்தரை. மூன்றாவது கியர் வளைவுக்கு வளைவு இரண்டாகிவிடும், சில இடங்களில் முதல் கியர். வளைவில் நின்று திரும்பக் கிளம்பும்போதுதான் கிளட்ச் தன் வயசைச் சொல்லும். எட்டாவது வளைவில் ஒரு பஸ்ஸுக்காக நின்று கிளம்பினேன். ரேஸ் கூடியது, வண்டி யோசித்து யோசித்து நகர்ந்தது, ஒரு கருகல் வாசனை. "கிளட்ச் பிளேட்டு பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினா அதிகம்" என்றார் மெக்கானிக். பன்னிரண்டாவது வளைவில் ஹீட் முள் மேலே போக ஆரம்பித்தது. ஓரம் கட்டிப் பார்த்தால் தண்ணீர் குறையவில்லை, பெல்ட் சரி. ரேடியேட்டர் உள்ளே பாதி அடைத்திருக்கிறது. சமவெளியில் வருஷக்கணக்காக ஓடியும் இது பெரியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இறங்கும்போது காலி. ஏறின கியரிலேயே இறங்குவது எங்கள் மலையில் சின்னப் பையனுக்கும் தெரிந்த பாடம். சமவெளிக்காரர்கள் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவார்கள். அப்போது வண்டியைப் பிடிக்க என்ஜின் இல்லை, முழுச் சுமையும் பிரேக்கில் விழும், ட்ரம் சூடேறிப் பிடிப்பு குறையும். அதில் என்ஜினையும் அணைத்தால் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்காது, பெடல் கல் மாதிரி ஆகிவிடும். நான் இரண்டாவது கியரில் விட்டு, நடுவில் இரண்டு இடத்தில் வேண்டுமென்றே பிரேக் அழுத்திப் பார்த்தேன். இடது பக்கம் இழுத்தது. அடிவாரத்தில் இறங்கிச் சக்கரத்தின் பக்கத்தில் கை கொண்டுபோனால் ஒன்று மட்டும் அதிகச் சூடு. பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் கோளாறு.

இப்படியாக மூன்று மணி நேரத்தில் அந்தப் பழைய வண்டியின் நோயெல்லாம் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. கிளட்ச், ரேடியேட்டர், பிரேக், பின் டயர். ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு, ஒவ்வொன்றையும் சேலத்தில் எந்தப் பட்டறையிலும் மாற்றலாம். அந்த இன்னொரு வண்டியில் நாங்கள் கண்டுபிடித்தது ஒன்று. கண்டுபிடிக்காதது எத்தனை என்று யாருக்கும் தெரியாது. எனக்கு முடிவு அங்கேதான் ஆனது, மாடல் வருஷத்தில் இல்லை. அதே 2021 மாடல் ஒரே ஓனர் கையில், பில் எல்லாம் வைத்துக்கொண்டு, கடன் முடித்து இருந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

பணக் கணக்கும் போட்டேன். பழையது மலையில் லிட்டருக்கு ஒன்பதரை, புதியது பன்னிரண்டு என்று வைத்தேன். வருஷத்துக்கு 11,000 கிலோமீட்டருக்கு 240 லிட்டர் வித்தியாசம். லிட்டர் 93 ரூபாய் என்றால் ரூ. 22,000 சொச்சம். புதியதற்கு இன்னும் நான்கு லட்சம் கடன் வாங்க வேண்டும். பழைய வண்டிக் கடன் என்பதால் 15 சதவீதம் சொன்னார்கள். மூன்று வருஷத் தவணையில் மாதம் ரூ. 13,900, முதல் வருஷ வட்டி மட்டும் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். என் ஓட்டத்துக்கு டீசல் மிச்சம் அந்த வட்டியைக் கட்டாது. தினமும் சேலம், ஈரோடு என்று 150 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். அவர் நல்ல புதிய வண்டிதான் பார்க்க வேண்டும், சித்தப்பா பேச்சைக் கேட்கக் கூடாது.

இன்ஷூரன்ஸில் நான் எதிர்பார்த்த வித்தியாசம் இல்லை. மூன்றாம் நபர் பிரீமியம் வண்டியின் வயசை வைத்து இல்லை, மொத்த எடையை வைத்து. 7500 கிலோ வரைக்கும் உள்ள சரக்கு வண்டிக்கெல்லாம் ஒன்றுதான், 2024-இல் வரி சேராமல் பதினாறாயிரத்தை ஒட்டி. இன்னொன்று, பழைய ஓனர் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் நமக்கு வராது. அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு இல்லை. பாலிசியைப் பதினான்கு நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

லைசென்ஸ் பற்றியும் பலருக்குச் சந்தேகம். எல்.எம்.வி., அதாவது இலகு ரக வண்டி லைசென்ஸ் வைத்திருப்பவர் 7500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை ஓட்டலாம், தனியாக எழுத வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. ஆனால் பின்னால் ஆள் ஏற்றுவது வேறு கதை. பறிப்பு நாளில் வேலைக்கு வருகிறவர்கள் "அண்ணே, ஒண்டிக்கடை வரைக்கும்" என்று ஏறுவார்கள். மறுக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஒரு வளைவில் ஒன்று ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். நான் ஒரு ஷேர் ஜீப்புக்கு மாதக் கணக்கு வைத்துவிட்டேன்.

விலை பேசி ரூ. 3,05,000-க்கு முடித்தோம். இத்தனை வயசு வண்டிக்குக் கடன் கொடுக்கத் தயங்குகிறார்கள். பாதி கையில் இருந்தது, பாதிக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் நகை வைத்தோம். பாதி வண்டி என்று சொன்னவளின் நகை. பெரியவர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட்டார். பெயர் மாறி ஆர்.சி. என் கைக்கு வரும்வரை இருபதாயிரத்தைப் பிடித்து வைத்திருந்தேன், அவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நான்கு மாதத்தில் செய்த செலவு: கிளட்ச் செட் கூலியோடு 14,000, ரேடியேட்டர் 9,500, பிரேக் 8,200, பின் டயர் இரண்டு 13,000, பேட்டரி 6,500, ஸ்பிரிங் புஷ்ஷும் கூடுதல் பட்டையைக் கழற்றிய கூலியும் 4,800. மொத்தம் ரூ. 56,000. கூட்டிப் பார்த்தால் பெரியவர் முதலில் கேட்ட விலையைத் தாண்டி ஓர் ஆயிரம். பேரம் பேசியதில் எனக்கிருந்த பெருமை அன்றைக்கே போய்விட்டது. ஆனாலும் இந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் வாங்கினேன். கையில் உள்ளதை முழுசாகக் கொட்டிப் பழைய வண்டி வாங்குகிறவர்கள்தான் ஆறாவது மாதம் அதை விற்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. எட்டு வயசு தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வருஷா வருஷம், அதற்குக் குறைந்தது இரண்டு நாள் போய்விடும். பசுமை வரி வேறு. 2027-இல் பதினைந்து வயசு ஆகும், அதற்கப்புறம் எஃப்.சி. கட்டணம் எகிறும். அதற்குள் விற்றுவிடுவதா, வைத்துக்கொள்வதா என்று இப்போதே வீட்டில் பேச்சு ஓடுகிறது. ஸ்டியரிங் கனம். பனிக்காலத்துக் காலையில் ஹீட்டர் பிளக் விளக்கு அணையும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். மச்சான் வந்தால் முன் சீட்டில் உட்கார மாட்டார், தன் காரில் பின்னாலேயே வருவார்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதை மூடினார்களே, அந்த நாட்களில் வண்டி மேலேயே நின்றது. ஈரத்தில் ஸ்டார்ட்டர் மோட்டார் மக்கர் பண்ணியது. ஊரிலேயே இருக்கும் ஒரு பையன் கழற்றி, கார்பனைத் துடைத்து மாட்டிக் கொடுத்தான். 200 ரூபாய். சித்தப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, முகத்தில் மட்டும் அத்தனை சந்தோஷம்.

வருகிற மாதம் மறுபடி எஃப்.சி. ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் உரிந்திருக்கிறது, ஒட்ட வேண்டும். ஸ்பீடு கவர்னர் சர்டிபிகேட் எங்கே வைத்தேன் என்று தேட வேண்டும். பின் இடது இண்டிகேட்டர் எரியவில்லை, வயரை ஏதோ பிய்த்திருக்கிறது. போன ஞாயிறு வளைவோரம் டீ குடிக்க நிறுத்தியபோது பின்னால் நான்கைந்து குரங்குகள் உட்கார்ந்திருந்தன. அவற்றின் மேல்தான் சந்தேகம்.